சஹருக்கு இருபத்திநான்கு

மருத்துவ இறுதிப் பரீட்சையில் சித்தியடைந்த பிறகு இன்டர்ன் நியமனம் வரும்வரை எங்களைப் பத்து மாதம் சும்மா வீட்டில் இருத்திவிட்டார்கள். பத்து மாதத்தில் ஒரு மனிதர் எவ்வளவு மறப்பார் என்று எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. எனக்கு இரண்டாம் மாதம் நரம்புகளின் பெயர்கள் போயின. நான்காம் மாதம் மருந்துகளின் அளவு போனது. ஐந்தாம் மாதம் நோன்பு வந்தது.

எங்கள் ஒழுங்கைச் சனத்துக்கு இந்தக் கதையெல்லாம் தேவைப்படவில்லை. பெறுபேறு வந்த அன்றே நான் கிண்ணியாவின் டொக்டர். இன்னும் பதிவு இல்லை, மருந்து எழுத எனக்கு உரிமை இல்லை என்று சொன்னால், "அதெல்லாம் கடதாசிக் கதை புள்ள" என்பார்கள். ஒருவருக்கு வயிற்றெரிவு, ஒருவருக்கு முழங்கால், ஒருவருக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த குளிசை என்ன நிறமென்று மட்டும் நினைவு. உம்மா வருகிறவர்களுக்கெல்லாம் தேத்தண்ணி கொடுத்து, "மகள் படிச்சுக்கொண்டிரிக்கா, கூப்பிடுறன்" என்று பெருமையாக உள்ளே வருவா. நான் கட்டிலில் படுத்துக்கொண்டு போனில் நாடகம் பார்த்துக்கொண்டிருப்பேன். எழும்பி, முந்தானையைச் சரிசெய்து, முகத்தில் கொஞ்சம் யோசனையை வரவழைத்துக்கொண்டு வெளியே போவேன். எனக்கு அது பிடித்திருந்தது. இதைச் சொல்லாமல் விட்டால் மீதிக் கதை பொய்யாகிவிடும்.

பக்கத்து வீடு ஜவாஹிர் மாமாவுடையது. திருகோணமலைத் துறைமுகத்தில் வெல்டிங் வேலை செய்தவர். ஐம்பத்தாறு வயது, பத்து வருடமாகச் சீனி வருத்தம். காலையில் இருபத்திநான்கு அலகு இன்சுலின், பின்னேரம் பன்னிரண்டு. தானே வயிற்றில் குத்திக்கொள்வார். மனைவி ஜெஸீமா மாமி. மகன் அர்ஷாக் நானா ஆட்டோ ஓட்டுகிறவர். கல்யாணமாகி, எங்கள் பக்கத்து வழக்கப்படி பெண் வீட்டில் இருந்தார். மகள் றுஷ்தா உயர்தரத்தில் பயோ படிக்கிறாள். நான் உயர்தரம் படித்தபோது எழுதிய நோட்டுகள் முழுவதும், பதினேழு கொப்பிகள், அவளுடைய மேசையில்தான் இருந்தன. அர்ஷாக் நானாவுக்கு முதலில் விருப்பமில்லை. என் பெறுபேறு வந்த பிறகுதான், "சரி, ஷிஃபானாவப் போல வாறதெண்டாப் படி" என்று விட்டார்.

நோன்பு தொடங்க இரண்டு நாள் இருக்க ஜவாஹிர் மாமா வந்தார். கையில் பள்ளிவாசலில் கொடுத்த, அதிகாலைச் சஹர் சாப்பாட்டு நேரமும் நோன்பு திறக்கும் நேரமும் போட்ட அட்டவணை.

"டொக்டர் புள்ள, கிளினிக்கில எனக்கு நோன்பே பிடிக்கக் கூடாதெண்டுட்டாங்க. போன வருசமும் விட்டுட்டன். ஊர் முழுக்க நோன்போட இரிக்க, நான் மட்டும் குசினிக்குள்ள ஒளிச்சுத் திண்டுக்கொண்டு இரிக்கிறதா? நீங்க நம்மட புள்ள, உங்களுக்கு விளங்கும். ஊசிய எப்பிடி மாத்துற எண்டு மட்டும் சொல்லுங்க."

சொல்லவேண்டியது ஒன்றே ஒன்றுதான்: "எனக்குத் தெரியாது மாமா, கிளினிக்கில் போய்க் கேளுங்கள்." எட்டு வார்த்தைகூட இல்லை. ஆனால் 'நம்மட புள்ள' என்ற சொல் எனக்குத் தலைக்கேறிவிட்டது. யோசித்தேன். காலை ஊசி காலைக்கு, பின்னேர ஊசி பின்னேரத்துக்கு. சஹர் அதிகாலை, நோன்பு திறப்பது பின்னேரம். இதில் என்ன பெரிய கஷ்டம்? பேனையை வாங்கி, அட்டவணையின் மேல் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். சஹர் 24. நோன்பு திறக்க 12.

"அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வான்" என்றார். அன்றே அதைக் குளிர்சாதனப் பெட்டியில் காந்தம் வைத்து ஒட்டிவிட்டார். என் கையெழுத்து நல்ல வடிவு. தூரத்தில் இருந்தே வாசிக்கலாம்.

மூன்றாம் நோன்பு. மத்தியான லுஹர் தொழுதுவிட்டு வந்து, "கை கால் ஒரு மாதிரி நடுங்குது, கொஞ்சம் சாய்ஞ்சிட்டு எழும்புறன்" என்று படுத்தாராம். நோன்பில் ஆண்கள் மத்தியானம் படுப்பது எந்த வீட்டில் இல்லை? நோன்பாளியின் உறக்கமும் வணக்கம் என்று சொல்வார்கள். அதனால் நித்திரை கொள்கிறவரை எழுப்பமாட்டார்கள், எழுப்பினால் பாவம். பின்னேரம் அஸர் தொழுகை நேரம் ஜெஸீமா மாமி எட்டிப் பார்த்திருக்கிறா. குறட்டை. தலையணை நனைந்திருந்தது. வெயிலுக்கு வியர்க்கிறது என்று நினைத்து மின்விசிறியைக் கூட்டிவிட்டு, கஞ்சி காய்ச்சப் போய்விட்டா.

நோன்பு திறக்கப் பாங்கு சொல்லும் நேரம் பேரீச்சம்பழத்தோடு எழுப்பப் போனபோது அவர் எழும்பவில்லை. மதிலுக்கு மேலால் என்னைக் கூப்பிட்டார்கள். வாயில் வைத்த தண்ணீரோடு ஓடினேன். அறைவாசலில் நான்கைந்து பேர் விலகி எனக்கு வழிவிட்டார்கள். கட்டிலில் அவர் கிடந்த கிடையைப் பார்த்ததும் எனக்குள் ஒரு பட்டியல் ஓடத் தொடங்கியது. சுயநினைவு இழப்புக்கான காரணங்கள், அகர வரிசையில். அகர வரிசையில்! சீனி இறங்குவது அதில் எங்கேயோ நடுவில் வந்தது. நான் அவருடைய கண் இமையைத் தூக்கிப் பார்த்தேன். ஏன் தூக்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. எல்லாரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"ஆஸ்பத்திரிக்கு" என்றேன். அதை ஒழுங்கையில் போன ஆடுகூடச் சொல்லியிருக்கும்.

ஆஸ்பத்திரியில் பார்த்தபோது இரத்தத்தில் சீனி இருபத்தொன்று. எழுபதுக்குக் குறைந்தாலே ஆபத்து. குளுக்கோஸ் ஏற்றினார்கள், இதயம் ஓடியது, உயிர் தங்கியது. மூளை மட்டும் திரும்பி வரவில்லை. அவ்வளவு நேரம் சீனி இல்லாமல் கிடந்த மூளை அது.

அன்று வீட்டுக்கு வந்து பல்கலைக்கழக நோட்டுகளைக் கிளறினேன். நான்காம் வருடக் கொப்பி. 'நோன்பும் நீரிழிவும்' என்று தலைப்பு. கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. *காலையில் போடும் பெரிய அளவு நோன்பு திறக்கும்போது. பின்னேர அளவில் பாதி மட்டும் சஹருக்கு.* அப்படியென்றால் சஹருக்கு ஆறு. நான் எழுதியது இருபத்திநான்கு. பரீட்சையில் இந்தக் கேள்வி வந்தது, சரியாக எழுதினேன், புள்ளியும் கிடைத்தது. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்பார்கள். நான் முதலாவது ஆளிலேயே நின்றுவிட்டேன், அவரும் சாகவில்லை.

ஒரு மாதம் கழித்து அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். மூக்கில் குழாய், கண் திறந்திருக்கும், யாரையும் பார்க்காது. அன்றே அர்ஷாக் நானா ஆஸ்பத்திரியில் நோய் விவரம் எழுதிக் கொடுத்த காட்டை எடுத்துக்கொண்டு என்னைக் கூப்பிட வந்தார். ஆங்கிலத்தில் இருக்கிறது, வாசித்துச் சொல்லவேண்டும். எங்கள் ஒழுங்கையில் யாருக்கு எந்த ஆஸ்பத்திரிக் காட்டு வந்தாலும் வாசிப்பது நான்தான்.

கட்டிலைச் சுற்றி மூன்று பேரும் நின்றார்கள். எனக்குக் கதிரை போட்டார்கள். நான்காவது வரியில் இருந்தது: நோயாளி நோன்புக்காக இன்சுலின் அளவைத் தானாகவே மாற்றி, சஹர் நேரத்தில் முழு அளவையும் போட்டிருக்கிறார்.

தானாகவே.

எனக்கு வந்தது நிம்மதி. வெட்கம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது நிம்மதி. என் பெயர் அதில் இல்லை. நான் அந்த வரியைத் தாண்டி அடுத்த வரிக்குப் போனேன்.

"சீனி நல்லா இறங்கிட்டு எண்டு போட்டிரிக்கு. கடைசியா ஆள் நல்லா இரிந்தது பன்னிரண்டரைக்கு. கண்டது ஆறு இருபதுக்கு. அவ்வளவு நேரம் சீனி இல்லாம மூளை கிடந்ததாலதான்…"

"எவ்வளவு நேரம்?" என்று அர்ஷாக் நானா கேட்டார்.

"கிட்டத்தட்ட ஆறு மணித்தியாலம்."

"நேரத்தோட எழுப்பியிருந்தா?"

"தப்பியிருப்பார்" என்றேன். பொய் இல்லை. அதுதான் அதிலுள்ள அசிங்கம். நான் வாசித்த எல்லா வரியும் உண்மை.

அவர் தாயைத் திரும்பிப் பார்த்தார். "ஆறு மணித்தியாலம். கஞ்சி காய்ச்சிக்கொண்டு இரிந்தீங்க." ஜெஸீமா மாமி அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தா. கவலையில் பார்க்கிறா என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அர்ஷாக் நானா தாயோடு கதைக்கவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் வருவார், தகப்பனைத் திருப்பிப் போட்டுக் கழுவித் துடைப்பார், போவார். மாமி கொண்டுவந்து வைக்கிற தேத்தண்ணி வைத்த இடத்திலேயே ஆறிக் கிடக்கும். ஏதும் வேண்டுமென்றால், "றுஷ்தா, உம்மாட்டச் சொல்லு" என்பார். அந்த உம்மா இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டிருப்பா. மாமி மெலிந்து, கண் குழிவிழுந்து போனா. எனக்கு மதிலின் இந்தப் பக்கம் இருந்து எல்லாம் கேட்கும். ஒரு வரி வாசித்தால் போதும், எல்லாம் மாறிவிடும். நான் வாசிக்கவில்லை. மருத்துவ சபைக்கு முறைப்பாடு போனால் என்ன ஆகும் என்று போனில் தேடிப் பார்த்தேன். ஐந்து மாதம் இப்படியே போனது.

நியமனப் பட்டியல் வந்தது. எனக்குத் தூர மாவட்டம் ஒன்றில், முதல் ஆறு மாதம் பொது மருத்துவ வார்ட். பாலையூற்றில் இருக்கும் என் பட்ச் தோழி லதுசா போன் எடுத்தாள்.

"எனக்கு ஒண்டும் ஞாபகம் இல்லையடி. வாழைத்தண்டில ஊசி குத்திப் பழகிக்கொண்டிருக்கிறன். அம்மா வாழை முழுக்க ஓட்டையெண்டு ஏசுறா. உனக்குப் பயமில்லையே?"

"இரிக்கு."

"எல்லாருக்கும் இருக்கும். போனா வந்திடும் எண்டு சீனியர் அக்காமார் சொல்லுறினம். நாங்கள் ஆரையும் கொல்லமாட்டம் எண்டு நம்புவம்." சிரித்தாள்.

நான் போனை வைத்துவிட்டேன். பயம் என்று அவள் சொன்னதும் நான் வைத்திருந்ததும் ஒன்றல்ல. அவளுக்கு இனிமேல் பிழைவிடுவேனோ என்று பயம்.

போவதற்கு முதல்நாள் பயணம் சொல்லப் போனேன். மாமி குழாயால் மாமாவுக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தா. றுஷ்தா வகுப்புக்குப் போயிருந்தாள். குளிர்சாதனப் பெட்டியில் அட்டவணை இல்லை. அது இருந்த இடத்தில் காந்தம் மட்டும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"மாமி, நான் ஒரு பிழை விட்டிட்டன்" என்று தொடங்கினேன்.

"தெரியும்."

பால் இறங்கும்வரை அவ குழாயையே பார்த்துக்கொண்டிருந்தா.

"வார்ட்டுல டொக்டர் கேட்டவர், ஆர் இந்த அளவு சொன்னதெண்டு. அவராத்தான் மாத்தினவர் எண்டு சொன்னனான். அப்பவே விளங்கிட்டு எனக்கு. வீட்ட வந்து அந்தத் தாள அடுப்புல போட்டுட்டன்."

"ஏன் மாமி?"

"உன்னக் காப்பாத்த எண்டு நினைக்காத. றுஷ்தா பயோ படிக்கிறா. உன்னப் பாத்துத்தான் இவன் ஓமெண்டவன். உன்ட பேர் நாறினா, பொம்புளப் புள்ளைகள் டொக்டருக்குப் படிச்சு இதத்தான் கிழிக்குமெண்டு அவள்ட புத்தகத்த மூடிருவான். அவர்தான் போயிட்டார். இவளாவது வரட்டும்."

"அர்ஷாக் நானா உங்கள…"

"என்னத் திட்டுறான். திட்டட்டும். தாயத் திட்டுற கோபம் ஒருநாளைக்கு ஆறும்." குழாயை மூடினா. "அண்டைக்குக் காட்ட வாசிக்கக்குள்ள அந்த வரிய நீ முழுங்கினது எனக்குத் தெரியும். எனக்கு இங்கிலீசு தெரியாது. ஆனா வார்ட்டுல எழுதச் சொன்னதே நான்தானே. நீ வாயத் திறப்பாயெண்டு பாத்துக்கொண்டு நிண்டனான்."

அழுதேன். அவ அழவிட்டா, தடவவில்லை.

"போ. வாயப் பொத்திக்கொண்டு நல்லாச் செய். இனி இவரப் பாக்க வராத."

அடுத்தநாள் காலை பஸ் நிலையத்துக்கு உம்மா அர்ஷாக் நானாவின் ஆட்டோவையே பிடித்துவிட்டா. வாப்பா கட்டாரில். உம்மாவும் நானும் பின்னால், பெட்டி எங்கள் கால்களுக்கு நடுவில். கிண்ணியாப் பாலத்தில் ஏறும்போது நானா கண்ணாடியில் உம்மாவைப் பார்த்துச் சொன்னார்:

"உங்கட மகள் போற இடத்தில ஆரையும் ஆறு மணித்தியாலம் நித்திரையெண்டு விடமாட்டாங்க மாமி. எங்கட உம்மா மட்டும் ஒருக்கா எழுப்பிப் பாத்திருந்தா…"

நேற்று ஜெஸீமா மாமி சொன்னது எல்லாம் எனக்கு நினைவிருந்தது. றுஷ்தாவின் மேசை நினைவிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு போ. பாலத்தின் நடுவுக்கு வந்துவிட்டோம். இன்னும் அரை மணித்தியாலம் பொறுத்தால் பஸ். ஆனால் அவர் கண்ணாடியில் இன்னும் பேசிக்கொண்டிருந்தார், தாய் செய்த பிழையை என் தாய்க்கு விளக்கிக்கொண்டிருந்தார்.

"நானா, ஊசி அளவ எழுதிக் குடுத்தது நான்."

உம்மா என் தொடையைப் பிடித்து நசுக்கினா.

"அளவு பிழை. சஹருக்கு ஆறு போடவேண்டியத இருபத்திநாலு எண்டு எழுதிட்டன். காட்டுல அதப் பத்தி ஒரு வரி இரிந்தது. நான் வாசிக்காம விட்டனான்."

ஆட்டோ ஓரத்தில் நின்றது. பின்னால் மணல் லொறி ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு விலகிப் போனது. அவர் திரும்பவில்லை.

"எழுப்பியிருந்தா தப்பியிருப்பாரெண்டு சொன்னீங்களே. அதும் பொய்யா?"

"இல்ல, உண்மை. ஆனா ஆரும் எழுப்பவேண்டி வந்திரிக்காது, நான் சரியா எழுதியிருந்தா."

"உம்மாவுக்குத் தெரியுமா?"

"முதல்லயிருந்தே தெரியும். சொல்லவேண்டாமெண்டவ. றுஷ்தாட படிப்ப நீங்க நிப்பாட்டிருவீங்களெண்டு."

அவர் இறங்கிப் பாலத்தின் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றார். கீழே இரண்டு தோணி போய்க்கொண்டிருந்தது. போனை எடுத்தார், காதில் வைத்தார்.

"உம்மா."

மறுகையால் கம்பியைப் பிடித்துக்கொண்டார். பிறகு, "ஓம், நான்தான். மத்தியானம் சோத்துக்கு வாறன்" என்றார். முதுகு குலுங்குவது எங்களுக்குத் தெரிந்தது. என் உம்மா கையை என் தொடையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டா. அதற்குப் பிறகு திருகோணமலை வரும்வரை அவ என்னைத் தொடவில்லை.

பஸ் நிலையத்தில் பெட்டியை நானே இறக்கினேன். அர்ஷாக் நானா ஹாண்டிலைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டு சொன்னார்: "நீங்க வாசிச்சுக் காட்டினத நம்பி நான் என்ட உம்மாவோட அஞ்சு மாசம் கதைக்கல்ல."

மறுநாள் காலை ஏழு மணிக்கு வார்ட்டில் நின்றேன். அறுபது கட்டில், நிலத்திலும் ஆட்கள். பதினோராம் கட்டிலில் ஒரு சீனி வருத்தக்காரர். ஸ்கேனுக்காகச் சாப்பிடாமல் வைத்திருந்தார்கள். தாதி ஒருவர் காட்டை என் முன்னால் நீட்டி, இன்சுலின் எவ்வளவு என்று கேட்டார். பேனை என் கையில்தான் இருந்தது.

சீனியர் டொக்டரிடம் கொண்டுபோனேன். "எனக்குத் தெரியாது. சொல்லித் தாங்க."

"பாஸ் பண்ணித்தானே வந்தனீங்கள்?"

"ஓம். ஆனா தெரியாது."

அவர் சலித்துக்கொண்டு, என்னிடமிருந்து பேனையைப் பிடுங்கித் தானே எழுதினார். பக்கத்தில் நின்ற இரண்டு தாதிமார் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பத்து மாதத்துக்கு முந்தியென்றால் அந்தப் பார்வைக்கு நான் செத்திருப்பேன்.

பின்னேரம் போனைப் பார்த்தேன். றுஷ்தா ஒரு செய்தி அனுப்பியிருந்தாள்.

"ராத்தா, நேத்து நானா வந்து உம்மாட கையால சோறு திண்டார். ரெண்டு பேரும் அழுதாங்க. இண்டைக்கும் வந்தார். என்ன இனி கிளாசுக்குப் போகவேணாமாம். உம்மா எவ்வளவோ சொல்லிப் பாத்துட்டா. உங்கட நோட்டெல்லாம் கட்டி வெச்சிரிக்கன், பதினேழும் இரிக்கு. ஆரிட்டக் குடுக்க?"